சோலைவரிக்கு வரம்பு: திருகோணமலைக்கு எந்த வழி பொருந்தும்?

அரசிடம் பணம் குறையும் காலத்தில் உள்ளூராட்சி சபைகள் இரு பக்கமும் நெருக்கப்படுகின்றன. மேலிருந்து வரவேண்டிய கொடுப்பனவு குறைகிறது அல்லது பிந்துகிறது. அதே நெருக்கடியில் வருமானம் சுருங்கிப்போன குடும்பங்களோ இந்த நேரத்தில் வரியைக் கூட்டாதீர்கள் என்கின்றன. இரு தரப்பின் பேச்சிலும் நியாயம் உண்டு. நகர சபையாக இருந்து மாநகர சபையாகத் தரமுயர்ந்துள்ள திருகோணமலைக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே பொருந்துகிறது. பெயர்ப்பலகை மாறியதும் வீதி விளக்கு, வடிகால், குப்பை அகற்றல் ஆகியவற்றில் மக்களின் எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுகிறது. வரி செலுத்தும் வீடுகளும் கடைகளும் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. ஆகவே சோலைவரி, அதாவது வீடு, கடை போன்ற ஆதனங்களுக்குச் சபை விதிக்கும் வரி, ஓர் ஆண்டில் எவ்வளவு கூடலாம் என்பதற்கு வரம்பு வேண்டுமா, வேண்டுமானால் அதை எதன்மீது வைப்பது என்பதை, மறுமதிப்பீட்டு அறிவித்தல் வீட்டு வாசலுக்கு வந்து சேருமுன்பே பேசிக்கொள்வது நல்லது. வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதைத் தனித்தனி வீட்டின் வரிச் சிட்டையில் வைப்பதைவிட, சபை திரட்டும் மொத்தத் தொகையில் வைப்பதே இவ்வூருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்களை மற்ற வழிகளோடு ஒப்பிட்டுச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் சோலைவரி ஆதனத்தின் விற்பனை விலையின்மேல் விதிக்கப்படுவதில்லை. அதை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடப்படும் வருடாந்தப் பெறுமதியின்மேல் விதிக்கப்படுகிறது. அந்தப் பெறுமதியை அரசின் விலைமதிப்புத் திணைக்களம் நிர்ணயிக்கிறது. அதில் எத்தனை சதவீதத்தை வரியாக அறவிடுவது என்பதைச் சபை தீர்மானிக்கிறது. வருடாந்தப் பெறுமதி 30,000 ரூபாவாகவும் வரி 10 சதவீதமாகவும் இருந்தால் ஆண்டுக்கு 3,000 ரூபா, காலாண்டுக்கு 750 ரூபா. முழு ஆண்டுக்கான தொகையை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவும், ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதக் கழிவும் கிடைப்பது பலருக்கும் பழக்கமான நடைமுறை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது நியதியாக இருந்தாலும், பல சபைகளில் அது இழுபட்டே போகிறது. வரி கூடிவிட்டது என்று நாம் சொல்லும்போது உண்மையில் கூடியது பெறுமதியா, சதவீதமா, இரண்டுமா என்பதைப் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் வரம்பு பற்றிய விவாதம் முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் தங்கியிருக்கிறது.

அரசின் நிதிக் குறைவு இங்கே எப்படி வந்து தாக்குகிறது என்பதற்கு அண்மைக் காலமே போதிய சான்று. 2019ஆம் ஆண்டின் இறுதியில் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் அதே பெறுமதிசேர் வரி 18 சதவீதமாயிற்று. இடையில் 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்காமற் போனது. அந்த மாதத்திலிருந்து 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கான பணம் பெரும்பாலும் திறைசேரியிலிருந்து மாகாண சபை வழியாகவே வருகிறது; நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும் அதே வழியில்தான் வந்துசேர வேண்டும். சபை தன் கையால் நேரடியாகத் திரட்டுவது சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் போன்ற சிலவற்றையே. செலவோ எவருக்கும் காத்திருப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாக இருந்தது. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் மனையாவெளிக்கும் திருக்கடலூருக்கும் போய் வரும் தூரம் மாறவில்லை. அதற்கு ஊற்றும் எண்ணெயின் விலை மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

இத்தகைய நிலையில் பலரும் முதலில் கேட்பது, வரியை அப்படியே நிறுத்திவையுங்கள் என்பதே. ஒப்பீட்டில் இதுவே மிக எளிதில் விலக்கக்கூடிய தெரிவு. நிறுத்திவைப்பது வரியைத் தவிர்ப்பதாகாது. சேர்த்து வைப்பதாகவே முடியும். தமிழ்நாட்டில் சென்னையில் 1998இலும் மற்ற நகரங்களில் 2008இலும் சொத்துவரி திருத்தப்பட்ட பின் நீண்ட காலம் எவரும் அதில் கைவைக்கவில்லை. 2022 ஏப்ரலில் திருத்தம் வந்தபோது, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாகக் கூடியது. மத்திய அரசின் நிதிக்குழு மானியத்தைப் பெறுவதற்கு வரியைத் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குப் பின்னால் இருந்தது. பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் வரை கூட்டும் ஏற்பாடு செய்யப்பட்டு, 2024இல் சென்னை மாநகராட்சி அதை நடைமுறைப்படுத்தியது. ஆண்டுக்கு ஒருமுறை சிறிதாகக் கூடுவதற்கும் எதிர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பத்து, இருபது ஆண்டுகளின் கூடுதலை ஒரே சிட்டையில் பார்க்கும் அதிர்ச்சியை விட அது தாங்கக்கூடியது. இங்கிலாந்தில் இன்றுவரை வீட்டு வரி 1991 ஏப்ரல் மாத விலை நிலவரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. மறுமதிப்பீட்டை ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த அரசியல்வாதிக்கு அதைத் தொடும் துணிவு இன்னும் குறையும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அடுத்த தெரிவு, உலகில் மிகவும் பேசப்பட்ட கலிபோர்னியா வழி. 1978 ஜூன் மாதத்தில் அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட 13ஆம் முன்மொழிவு, ஆதனவரியை மதிப்பின் 1 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது. பதிவான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆதனம் கைமாறும்போது மட்டுமே புதிய சந்தை விலையில் மீண்டும் மதிப்பிடலாம். தன் சிட்டை அடுத்த ஆண்டு எவ்வளவாக இருக்கும் என்பது வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த நிச்சயத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விளைவாக, பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு ஒரே அளவாக இருந்தும், அண்மையில் வாங்கியவர் பல மடங்கு வரி கட்டும் நிலை உருவானது. லொஸ் ஏஞ்சலிஸில் வீடு வாங்கிய ஒருவர், நெடுங்காலமாக அங்கிருக்கும் அயலவர் சிலரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி கட்ட நேர்ந்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. அது செல்லும் என்பதுதான் தீர்ப்பு. நியாயமானது என்பது வேறு கேள்வி.

இந்த வழியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் எங்கே முட்டும் என்று யோசித்துப் பார்த்தால், சீதன உறுதியில், அதாவது மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், முட்டும். நம் ஊரில் வீடுகள் சந்தையில் விற்கப்படுவதைவிடக் குடும்பத்துக்குள் கைமாறுவதே மிகுதி. மகளின் கலியாணத்தோடு வீடு அவள் பெயருக்கு எழுதப்படுகிறது. பெற்றோர் அதே வீட்டின் பின்அறையில் தொடர்ந்து இருக்கிறார்கள். இன்னொரு மகள் இருந்தால் வளவின் மறுபாதியில் புது வீடு எழும்புகிறது. கைமாறும்போது புதிய மதிப்பு என்ற விதி சீதன உறுதிக்கும் நன்கொடை உறுதிக்கும் பொருந்துமானால், கலியாணச் செலவோடு வரி உயர்வும் சேர்ந்து அதே குடும்பத்தின் தலையில் விழும். அடுத்து நடக்கக்கூடியது எவருக்கும் தெரியும்: உறுதி எழுதுவதை ஒத்திப்போடுவார்கள், பேச்சளவில் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பார்கள். உறுதிச் சிக்கல்களால் ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில் இன்னொரு சிக்கலை நாமே வரவழைத்ததாகிவிடும். மாறாக, குடும்பத்துக்குள் நடக்கும் கைமாற்றத்துக்கு விலக்கு அளித்தால் பழைய குடும்பங்களின் குறைந்த வரி பரம்பரைச் சொத்தாகிவிடும். கலிபோர்னியாவும் இதே முட்டுச்சந்தில்தான் நின்றது. 1986இல் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் வீட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் வீடுகளும் அந்த விலக்கில் நுழைந்துகொண்டதால், 2020இல் அதைப் பெருமளவு சுருக்க வேண்டிவந்தது. அங்கே சட்டத்தரணிகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. ஊர் பிழைத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்.

இதைவிட முக்கியமான ஒன்று, நிதிக் குறைவு பற்றிய நம் கேள்வியோடு நேரே தொடர்புடையது. 13ஆம் முன்மொழிவு வந்தவுடன் கலிபோர்னியாவின் உள்ளூர் ஆதனவரி வருமானம் பாதிக்கும் மேலாக வீழ்ந்தது. அப்போது மாநில அரசின் கையில் உபரிப் பணம் இருந்ததால் அது உள்ளூராட்சிகளைத் தாங்கிப் பிடித்தது. உபரி தீர்ந்து 1990களின் தொடக்கத்தில் மாநிலமே பற்றாக்குறையில் விழுந்தபோது, 1992இலும் 1993இலும் உள்ளூராட்சிகளுக்கு உரிய ஆதனவரியின் ஒரு பகுதியைப் பாடசாலைகளுக்குத் திருப்பி, மாநிலம் தன் சுமையைக் குறைத்துக்கொண்டது. சொந்தமாக வரி உயர்த்தும் வழியை அடைத்துவிட்ட சபைக்கு, மேலே உள்ளவர் கைவிடும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. திறைசேரியின் கொடுப்பனவு எந்த நாளில் வரும் என்று தெரியாத நம் சபைகளுக்கு இந்தப் பாடம் அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் படவில்லை.

மூன்றாவது வழி, விலைவாசியோடு இணைத்த வரம்பு. நியூயோர்க் மாநிலம் 2011இல் கொண்டுவந்த சட்டப்படி, ஓர் உள்ளூராட்சி திரட்டும் ஆதனவரியின் மொத்தம் ஆண்டுக்கு 2 சதவீதம் அல்லது பணவீக்கம், இவற்றுள் எது குறைவோ அந்த அளவுக்கே கூடலாம். மீற வேண்டுமானால் 60 சதவீத ஆதரவு வேண்டும். அமைதியான பொருளாதாரத்தில் இது நன்றாக வேலை செய்யக்கூடும். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போன நாடு இது. நியூயோர்க் விதியை 2022இல் இங்கே வைத்திருந்தால் சபை 2 சதவீதம் கூட்டி நான்கு மடங்கு விலையில் டீசல் வாங்கியிருக்க வேண்டும். பணவீக்கம் எவ்வளவோ அவ்வளவு கூட்டலாம் என்று வைத்திருந்தால், சம்பளம் கூடாத அதே ஆண்டில் வீட்டு வரி முக்கால் பங்குக்கு அருகே ஏறியிருக்கும். இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல. சுட்டெண்ணைப் பின்பற்றுவதானால் ஓர் ஆண்டின் எண்ணை எடுக்காமல் பல ஆண்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும் என்ற அளவுக்கே இந்த வழியிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஏற்பாட்டுக்கு நெருக்கமானது. 1980இல் அங்குள்ள வாக்காளர் ஏற்றுக்கொண்ட விதி, தனி வீட்டின் வரியைத் தொடுவதில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து கட்டும் மொத்தத் தொகை முந்திய ஆண்டின் வரம்பைவிட 2.5 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்கிறது. புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களின் வரி அந்த வரம்புக்கு வெளியே சேர்க்கப்படுகிறது. அதற்கு மேலும் பணம் தேவையென்றால் ஊர் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் மாநில நிதி சரிந்து உதவித்தொகை வெட்டப்பட்டபோது பல ஊர்கள் அப்படிக் கேட்டன. சில ஊர்கள் இணங்கின, சில மறுத்து நூலக நேரத்தையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டன. விரும்பத்தகாத முடிவாக இருந்தாலும் அது அந்த ஊரின் முடிவு.

நம் கணக்கு முறையில் இது எப்படி அமையும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு சபையின் எல்லைக்குள் உள்ள ஆதனங்களின் வருடாந்தப் பெறுமதி மொத்தம் 10 கோடி ரூபா, வரி 10 சதவீதம், ஆகவே திரட்ட வேண்டியது 1 கோடி ரூபா என்று வைத்துக்கொள்வோம். மறுமதிப்பீட்டில் மொத்தப் பெறுமதி 30 கோடியாகிறது. சதவீதத்தைத் தொடாமல் விட்டால் வரி 3 கோடியாகிவிடும். நாங்கள் வரியைக் கூட்டவில்லை, திணைக்களம்தான் பெறுமதியைக் கூட்டியது என்று சபை கைகழுவவும் முடியும். மொத்தத் தொகை 5 சதவீதமே கூடலாம் என்ற வரம்பு இருந்தால், சபை 1 கோடியே 5 இலட்சத்தையே திரட்டலாம். அதற்குச் சதவீதத்தை 3.5 ஆகக் குறைத்தே ஆகவேண்டும். இப்போது இரண்டு வீடுகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் பழைய பெறுமதி 30,000, பழைய வரி 3,000 ரூபா. உள்வீதியில் உள்ள வீட்டின் பெறுமதி இரட்டித்து 60,000 ஆனால், புதிய வரி 2,100 ரூபா. அந்த வீட்டுக்கு வரி குறைகிறது. கடலைப் பார்த்திருக்கும் உவர்மலை வீட்டின் பெறுமதி ஐந்து மடங்காகி 150,000 ஆனால், புதிய வரி 5,250 ரூபா. உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுவோரால் வாடகை ஏறிய பகுதி கூடுதலாகவும், ஏறாத பகுதி குறைவாகவும் கட்டுவது நியாயந்தான். ஆனால் அந்த உவர்மலை வீட்டில் அறை எதுவும் விடாமல், தகப்பன் கட்டிய வீடு என்பதற்காகவே ஒரு விதவைத் தாய் குடியிருந்தால்? மொத்தத்தில் வைத்த வரம்பு அவரைக் காப்பாற்றாது. இந்த வழியின் உண்மையான குறை இதுதான். அதை மூடி மறைத்துப் பரிந்துரைக்க முடியாது.

அந்தக் குறையை இரண்டு துணை ஏற்பாடுகளால் நிரப்பலாம். ஒன்று, கூடுதலைப் படிப்படியாக ஏற்றுவது: மேற்சொன்ன 2,250 ரூபா உயர்வை மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 750 வீதம் ஏற்றினால், முதல் ஆண்டில் காலாண்டுச் சிட்டை 750 ரூபாவிலிருந்து 937 ரூபா 50 சதமாகவே உயரும். மற்றது, வருமானம் குறைந்த வீட்டுரிமையாளருக்கு மட்டும் சலுகை. 1964இல் விஸ்கொன்சின் தொடங்கிப் பல அமெரிக்க மாநிலங்கள், குடும்ப வருமானத்தோடு ஒப்பிடும்போது ஆதனவரி அளவுக்கு மீறிப்போனால் அந்த மிகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. நம் சபைகளுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வசதி இல்லை. வருமானத்தைச் சரிபார்க்கும் வழியும் குறைவு. எனவே தள்ளுபடியை விட ஒத்திவைப்பே நமக்குப் பொருந்தும். ஓய்வூதியரோ விதவையோ அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பமோ, தாம் குடியிருக்கும் ஒரே வீட்டின் வரியில் உயர்ந்த பகுதியை மட்டும் கட்டாமல் கணக்கில் வைத்திருக்கலாம். வீடு பின்னர் விற்கப்படும்போது அந்தத் தொகை அறவிடப்படும். இதற்குப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. காணி விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ போகிறவர் எப்படியும் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கும் உரிமைச் சான்றிதழுக்கும் சபையின் கருமபீடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். நிலுவையைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று அங்கே இப்போதும் சொல்லப்படுகிறது. ஒத்திவைத்த வரியும் அதே இடத்தில் தீர்ந்துவிடும். குடும்பத்துக்குள் எழுதப்படும் உறுதிக்கு, தாய் அந்த வீட்டிலேயே இருக்கும்வரை, ஒத்திவைப்பு தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சீதனச் சிக்கலும் எழாது.

வாடகைக்கு இருப்போரைப் பற்றி எந்த வரம்பும் நேரடியாகப் பேசுவதில்லை. வரி கூடினால் வாடகை கூடும். வரி குறைந்தால் வாடகை குறைவதை நான் பார்த்ததில்லை. அவ்வளவே சொல்லலாம்.

எதன்மீது வரம்பு என்ற கேள்வியோடு, அதை யார் விதிப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. மேலுள்ள அரசு விதிக்கும் வரம்பை நான் ஆதரிக்கமாட்டேன். நியூ ஜேர்சியில் 2010ஆம் ஆண்டு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்: பற்றாக்குறையில் இருந்த மாநிலம் ஒருபுறம் பாடசாலைகளுக்கும் நகரங்களுக்கும் கொடுக்கும் உதவித்தொகையைப் பெருமளவு வெட்டியது, அதே ஆண்டு ஜூலையில் உள்ளூர் ஆதனவரி உயர்வுக்கான வரம்பை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. வரியைக் கட்டுப்படுத்திய நற்பெயர் மேலே போயிற்று, வேலையாட்களைக் குறைத்த கெட்டபெயர் ஊருக்கு வந்தது. இங்கே அந்த ஆபத்து இன்னும் கூடுதல். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்தின் பெயரால் எடுக்கப்படும் முடிவுகளுக்கு வாக்கால் பதில் சொல்லும் எவரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் மாநகர சபை உறுப்பினர் அடுத்த முறையும் நம் வீட்டு வாசலுக்கு வரவேண்டியவர். வரம்பை அவர்களே ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, குறித்த காலத்துக்கு மட்டும், என் கருத்தில் அடுத்த மறுமதிப்பீடு வரையில், கட்டுப்படுவதே முறை. சட்டமாக இறுகிப்போன வரம்புகளைத் திருத்த எத்தனை தலைமுறை எடுக்கிறது என்பதைக் கலிபோர்னியாவில் பார்த்தோம்.

கொழும்பும் இதே வீட்டின்மேல் கண்வைத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, அரசு ஏற்றுக்கொண்டவற்றுள் நாடளாவிய ஆதனவரியும் ஒன்று. ஆதனவரி மாகாணத்துக்கும் உள்ளூராட்சிக்கும் உரியது என்ற அரசியலமைப்புச் சிக்கலால், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் அந்த வீடு வாடகை தருவதாகக் கொண்டு வருமான வரி விதிப்பது என்று திட்டம் மாறி, பின்னர் அதுவும் தள்ளிப்போடப்பட்டது. அது என்றாவது நடைமுறைக்கு வருமானால், சபையும் மத்திய அரசும் கிடைப்பதாக எண்ணிக்கொண்ட அதே வாடகையை வைத்து இரண்டு சிட்டைகள் அனுப்பும். அப்போது சபை தன் பங்குக்கு மொத்தத் தொகை வரம்பைக் காட்ட முடிந்தால், மக்கள் எந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதையாவது தெரிந்துகொள்வார்கள்.

வரம்பு வைத்தபின் சபை எங்கே பணம் தேடும் என்று கேட்பது நியாயமே. திருகோணமலையின் வரித்தளம் இயல்பாகவே ஒடுங்கியது. பிரெட்ரிக் கோட்டையும் கடற்படைத் தளமும் அரச அலுவலகங்களும் வழிபாட்டுத் தலங்களும் நகர நிலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் மா ஆலையும் சீமெந்து ஆலையும் நிலாவெளியின் ஹோட்டல்களும் அயல் பிரதேச சபைகளின் எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போவோர் பயன்படுத்துவதோ நகரத்தின் வீதியையும் சந்தையையும் பேருந்து நிலையத்தையும். இதை வீட்டு வரியால் ஈடுசெய்ய முடியாது. மொத்தத் தொகை வரம்பில் புதிய கட்டடங்களுக்கு விலக்கு இருப்பதால், அனுமதி பெறாமல் எழும்பிய மாடிகளையும், வீடு என்று பதிவில் இருந்துகொண்டே விருந்தினர் விடுதியாக இயங்கும் கட்டடங்களையும் கணக்கில் சேர்க்கும் ஊக்கம் சபைக்கு வரும். நிலுவையும் அப்படித்தான். ஒழுங்காகக் கட்டும் வீட்டுக்குச் சதவீதத்தைக் கூட்டுவது எளிது என்பதாலேயே, கட்டாதவரைத் தேடிப் போவது பின்தள்ளப்படுகிறது. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, கதவு பூட்டிக் கிடக்கும் வீட்டின் சிட்டை படலையில் செருகப்பட்டு மழையில் கரைந்துபோகிறது. இணையவழியில் கட்டும் வசதியும் மின்னஞ்சலில் அறிவித்தலும் இருந்தால், அவர்களுள் பலர் முழு ஆண்டுக்கும் சேர்த்து ஜனவரியிலேயே கட்டிவிடுவார்கள். 10 சதவீதக் கழிவை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஆகவே சபையின் முன் வைக்கத்தக்க தீர்மானம் ஏறத்தாழ இப்படி அமையலாம். மறுமதிப்பீடு தள்ளிப்போடப்படாமல் நடக்கட்டும். அது முடிந்த ஆண்டில், புதிய கட்டடங்களை நீக்கிப் பார்த்தால் மொத்தச் சோலைவரி முந்திய ஆண்டைவிடச் சபை முன்கூட்டியே அறிவித்த அளவுக்கு மேல் கூடாதபடி சதவீதம் குறைக்கப்படட்டும். அந்த அளவைக் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரிப் பணவீக்கத்தோடு ஒட்டி, 8 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்கலாம். இந்த 8 என்பது என் கணிப்பு, விவாதித்து மாற்றத்தக்கது. தனி வீட்டின் உயர்வு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏறட்டும். தகுதியுள்ளோருக்கு ஒத்திவைப்பு கிடைக்கட்டும். சம்பளத்துக்காகத் திறைசேரி தரும் கொடுப்பனவு ஓர் ஆண்டில் குறைக்கப்பட்டால், எவ்வளவு குறைந்தது என்பதை வரிச் சிட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டு, அந்த அளவுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்துவதற்குச் சபையின் மூன்றில் இரு பங்கு உறுப்பினரின் வாக்கு வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாக் கட்சிகளும் பிரிந்து நிற்கும் ஒரு சபையில் மூன்றில் இரு பங்கு எளிதில் கிடைக்காது என்பார்கள். எளிதில் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே அது. அடுத்த ஆண்டுக்கான பாதீடு டிசெம்பரில் சபைக்கு வருவதால், இத்தீர்மானம் அதற்கு முன், ஒக்டோபர் அமர்விலேயே எடுக்கப்பட வேண்டும். ஜனவரிச் சிட்டைகள் அச்சுக்குப் போன பிறகு எந்த வரம்பைப் பற்றிப் பேசினாலும், அது மறு ஆண்டுக்கே உதவும்.